கம்பளையிலிருந்து புறப்படும் வீதிகள்

கம்பளையிலிருந்து சைக்கிளில் புறப்படுவோருக்கு நான்கு வழிகள் உண்டு. மகாவலியின் ஓட்டத்தோடு வடக்கே சென்று பேராதனையை அடைவது ஒன்று. ஆற்றை எதிர்த்து நாவலப்பிட்டிக்குச் செல்வது இன்னொன்று. தென்கிழக்கே புசல்லாவையைத் தொட்டு நுவரெலியாவுக்கு ஏறுவது மூன்றாவது. பேராதனைவரை போய், பல்கலைக்கழகத்தை ஊடறுத்துக் கலஹா, தெல்தோட்டை என மலைக்குள் திரும்புவது நான்காவது. முதலிரண்டும் ஆற்றின் வீதிகள்; பின்னிரண்டும் தேயிலையின் வீதிகள். இப்பாகுபாடு எந்தப் புவியியற் புத்தகத்திலும் இல்லை. சைக்கிள் ஓட்டுபவரின் முழங்காலில் இருக்கின்றது.

நகரத்தின் தலைக்குமேல் நிற்கும் அம்புலுவாவ மலைக்கு ஏறும் பாதையை நாம் இக்கணக்கிற் சேர்க்கவில்லை. கோபுரத்தின் உச்சியில் நின்று படமெடுப்பதற்காக நாள்தோறும் வாகனங்கள் அங்கே முனகிக்கொண்டு ஏறுகின்றன. அதிற் சைக்கிள் ஏற்றுவது உடல் வலிமைக்குச் சான்றாகலாம்; வேறெதற்கும் அன்று.

நாம் சைக்கிளுக்கு வந்தது உடற்பயிற்சி நாடியன்று. 2022 ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அரசாங்கம் அறிவித்தது. ஜூன் மாதமளவில் எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன் இரவு பகலாக வரிசைகள் நின்றன. பாடசாலைகள் மூடப்பட்டன, திறக்கப்பட்டன, மீண்டும் மூடப்பட்டன. நகரப் பாடசாலையொன்றிற் கற்பிக்கும் நாம் மூவர், மோட்டார் சைக்கிள்களை விறாந்தையில் நிறுத்திவிட்டுப் பழைய சைக்கிள்களைத் தேடத் தொடங்கினோம். நாடு முழுவதும் அதே தேட்டத்தில் இருந்தமையால் விலை பல மடங்காகியிருந்தது. பொருளியல் நூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும் கேள்வி, நிரம்பல் என்பவற்றை அவ்வாண்டு மாணவர்கள் ஒரு சைக்கிள் கடையின் வாசலிலேயே கற்றுக்கொண்டிருக்கலாம்.

எம்முள் ஒருவர் வடமராட்சியைச் சேர்ந்தவர். அவருக்கு இது புதிதன்று. வாத்தியார் என்றாலே றலியோ ஹம்பரோ உருட்டிக்கொண்டு வருபவர் என்று நினைத்த ஒரு மண்ணிற் பிறந்தவர் அவர். 1990இன் பின்னர் வடபகுதிக்கு எரிபொருள் செல்வது தடுக்கப்பட்ட காலத்தில், நோயாளி, விறகு, அரிசி மூட்டை, மணப்பெண் என்று எல்லாவற்றையும் சைக்கிளே சுமந்ததை அவர் சிறுவனாகக் கண்டிருக்கிறார். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுத்த வீடுகளுள் அவரது வீடும் ஒன்று. ஆதலால் 2022ஆம் ஆண்டின் பஞ்சம் அவருக்கு ஏற்கெனவே படித்த பாடம் போன்றே இருந்தது. எனினும் முதல் வாரத்திலேயே அவர் சொன்னார்: “எங்கட ஊரில சைக்கிள் ஓடினவன் இஞ்ச வந்தால் திரும்பவும் பழகவேணும், மாஸ்டர். அங்க எதிரி காத்து. இஞ்ச எதிரி பூமி.”

மற்றவர் உலப்பனையிலிருந்து வரும் சிங்கள நண்பர், கணிதம் கற்பிப்பவர். எதையும் எண்ணாக்கிப் பார்த்தாலன்றி அவருக்கு நித்திரை வராது. இக்கட்டுரையில் வரும் கணக்குகள் பெரும்பாலும் அவருடையவை.

பேராதனை வீதியைப்பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஏறத்தாழ 15 கிலோமீற்றர். வெலிகல்ல, கெலிஓயா என்று கடைத்தெருக்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். பஸ்கள் விலகுவதற்கு மனமில்லாதவை. காலை ஆறு மணிக்கு முன்னர் போனால் ஆற்றின்மேற் பனிமூட்டம் படிந்திருப்பதைக் காணலாம். ஏழு மணிக்குப் போனால் புகைமூட்டத்தைக் காணலாம். ஆனால் நகரத்தைவிட்டு வெளியேறுமுன் ஓரிடத்தில் நாம் ஒவ்வொரு முறையும் வேகத்தைக் குறைப்பதுண்டு. கம்பளையின் அம்பகமுவ வீதியில் ஒரு பள்ளிவாசல் இருந்தது. அதன் முன்னாற் பெரஹரா மேளதாளத்தோடு செல்லலாமா என்பதே வழக்கு. வல்லஹகொட தேவாலயத்தார் கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் வென்றனர். 1915 தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அவ்வாண்டு மே மாத இறுதியிற் கண்டியில் வெடித்த கலவரம் நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது; முஸ்லிம் மக்கள் தாக்கப்பட்டார்கள்; ஆட்சியாளர் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தனர். கலவரத்துக்கு வர்த்தகப் போட்டி முதலான வேறு காரணங்களும் இருந்தன என்பதை வரலாற்று மாணவர் அறிவர். ஆயினும் ஒரு வீதியின் சில முழ நீளத்தை யார் எவ்வாறு கடப்பது என்ற கேள்வி நாட்டையே தீ மூட்டும் அளவுக்கு வளர்ந்த இடம் இதுவாகும். சிங்களவர், முஸ்லிம், தமிழர் ஆகிய மூவினத்தாரும் அதே வீதியிற் காய்கறி வாங்குவதை இன்று பார்க்கும் எமது மாணவர்களுக்கு இக்கதை தெரியாது. பாடப்புத்தகத்தில் ஒரு வரி வருகின்றது; வீதியின் பெயர் வருவதில்லை.

நாவலப்பிட்டி வீதி அழகானது. 20 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த தூரம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 480 மீற்றரில் இருக்கும் கம்பளையிலிருந்து 580 மீற்றருக்கு மெல்ல மெல்ல ஏறுகின்றது. ஏறுகிறோம் என்று தெரியாமலே ஏறிவிடலாம். ஆறும் வீதியும் புகையிரதப் பாதையும் பல இடங்களில் அருகருகே செல்லும். கொத்மலை ஓயா மகாவலியோடு கலப்பதும் இவ்விரு நகரங்களுக்கும் இடையிற்றான். அவ்வோயாவின் மேற்பகுதியில் 1985இல் அணை கட்டி முடிக்கப்பட்டபோது ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் நீருள் மூழ்கின. ஏறத்தாழ மூவாயிரம் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. வரட்சிக் காலத்தில் நீர் வற்றும்போது கடதொர விகாரையின் இடிபாடுகள் மேலெழுகின்றன. எமது கணித நண்பரின் தாய்வழி உறவினர் சிலர் அக்கிராமங்களிலிருந்து போனவர்கள். அணையின் உயரம் 87 மீற்றர் என்பதை அவர் சொல்வார். உறவினரைப்பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

புகையிரதம் நாவலப்பிட்டியை அடைந்தது 1874இல். அதற்கப்பால் மலை செங்குத்தாக எழுவதால் பாதை நானுஓயாவைத் தொடுவதற்கு 1885வரை சென்றது. ஆதலால் அவ்விடைக்காலத்தின் பெரும்பகுதியில் நாவலப்பிட்டியே பாதையின் முனையாக இருந்தது. மேலேயுள்ள தோட்டங்களின் கோப்பி அங்கே வந்து இறங்கியது. மேலேயுள்ள தோட்டங்களுக்கான மனிதரும் அங்கே இறங்கி நடந்தனர். அந்நகரத்தின் தெருக்களில் இன்றும் ஒரு களஞ்சியசாலையின் வாடை இருப்பதாக எமக்குத் தோன்றும். 1937 ஏப்பிரல் 3ஆந் திகதி இந்த நாவலப்பிட்டியில் ஒரு கூட்டம் நடைபெற்றது. தேயிலைத் தோட்டத்தில் ‘சின்னத்துரை’யாகப் பயில வந்து, தொழிலாளரின் பக்கம் சாய்ந்தமையால் வேலையை இழந்த பிறேஸ்கேடில் என்ற வெள்ளை இளைஞர், சமசமாஜக் கட்சியின் மேடையில் ஏறித் தோட்டத் தொழிலாளர்முன் பேசினார். இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்தியாயரும் அம்மேடையில் இருந்தார். ஒரு துரை தம்மிடம் வந்து, தமக்காகத் துரைமாரைக் கண்டிப்பதைத் தொழிலாளர் அதற்குமுன் கண்டதில்லை. அம்மாதமே ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்த ஆணையிட்டார்; அந்த ஆணை செல்லாதென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூட்டம் நடந்த இடத்தைக் காட்டும்படி நாவலப்பிட்டியில் முதியவர் பலரைக் கேட்டோம். ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தைக் காட்டினர். அதுவும் நல்லதே என்று வடமராட்சி நண்பர் சொன்னார். ஊர் முழுவதும் கூட்டம் நடந்ததென்று வைத்துக்கொள்வோமே என்றார்.

அதே நகரத்தின் புகையிரத மேடையில் வேறொரு நினைவும் உண்டு. அதற்கு மட்டும் எல்லோரும் ஒரே இடத்தைக் காட்டினர். 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழரை, 1964இல் இரு பிரதமர்கள் கையொப்பமிட்டு எண்களாகப் பங்கிட்டார்கள்: இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர், முடிவைப் பின்னர் பார்த்துக்கொள்ள 150,000 பேர். பின்வந்த ஆண்டுகளில், போகவேண்டியவர்கள் இவ்வாறான மேடைகளில் நின்று புகையிரதம் ஏறித் தலைமன்னார்த் துறைக்குப் போனார்கள். கணித நண்பர் அம்மூன்று எண்களையும் கூட்டிப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசாமல் வந்தார்.

ஆற்றின் வீதிகளை இம்மட்டில் விடுவோம். நாம் சொல்ல வந்தது புசல்லாவை வீதியைப்பற்றி.

கம்பளையின் புறத்தே சிங்ஹபிட்டிய என்றோர் இடம் உண்டு. ஜோர்ஜ் பேர்ட் என்ற ஆங்கிலேயர் 1820களின் முற்பகுதியிற் கோப்பித் தோட்டம் திறந்தது அங்கேதான். இந்நாட்டின் பெருந்தோட்ட வரலாறு அவ்விடத்திலிருந்து தொடங்குகின்றதெனலாம். அதன்பின்னர் கோப்பி மலைமேல் மலையாக ஏறியது. கோப்பியை இறக்குவதற்கு வீதியும் ஏறியது. 1869இற் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தபோது அவ்வீதிகள் அப்படியே தேயிலைக்கு ஆயின. கம்பளையிலிருந்து புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவரையுள்ள ஐம்பத்தைந்து கிலோமீற்றரளவான வீதியைச் சைக்கிளில் ஏறுபவர் ஒரு விடயத்தை உணர்வார். வீதி கடுமையானது, ஆனால் கொடுமையானதன்று. எங்கும் அது மூச்சைப் பறிப்பதில்லை. மலையை நேராகத் தாக்காமல், வளைந்து வளைந்து, ஒரே சீரான சரிவோடு ஏறுகின்றது. கணித நண்பர் கணக்கிட்டார்: 480 மீற்றரிலிருந்து 1,868 மீற்றருக்கு ஏறுகிறோம், தூரத்தால் வகுத்தாற் சராசரியாக 40 அடிக்கு ஓரடி உயர்வு. ஆளும் சைக்கிளுமாக 75 கிலோ எடையை அவ்வுயரத்துக்குத் தூக்கும் வேலையைச் செய்ய, உடல் எரிக்கும் உணவில் நாலிலொரு பங்குதான் வேலையாக மாறும் என்ற கணக்கின்படி, ஏறத்தாழ ஆயிரம் கிலோ கலோரி வேண்டும். அதாவது வயிறு நிறைய ரொட்டி. தேங்காய்ச் சம்பலை அவர் கணக்கிற் சேர்க்கவில்லை.

இச்சீரான சரிவு ஏன்? எமது கால்களில் இரக்கங் கொண்டு எவரும் இவ்வாறு வீதி போடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வீதிகள் வகுக்கப்பட்டபோது பாரத்தை இழுத்தவை மாடுகள். மாடு விழுந்தாற் கோப்பி நிற்கும். கோப்பி நின்றால் இலண்டனில் விலை போகும். ஆகவே மாடு களைப்படையாத சரிவு தேடப்பட்டது. அந்த வளைவுகளின் பயனை இன்று பஸ்ஸும் லொறியும் சைக்கிளும் அனுபவிக்கின்றன.

வீதியைவிட்டுத் தோட்டத்துக்குட் திரும்புங்கள். உடனே சரிவு மாறிவிடும். நாம் வழக்கமாகப் போகும் ஒரு தோட்டம் புசல்லாவைக்கு இப்பால் இருக்கின்றது. பெயர் வேண்டாம். பிரதான வீதியிலிருந்து அதன் தொழிற்சாலைக்குப் போகும் பாதை லொறிக்காக வெட்டப்பட்டது. முதலாம் கியரில் ஏறும் லொறிக்கு எட்டடிக்கு ஓரடி பெரிதன்று. அதற்கும் மேலே மேற்கணக்கு லயங்களுக்குப் போகும் பாதையில் லொறிக்கு வேலையில்லை. கற்கள் பெயர்ந்து கிடக்கும். அதற்கும் மேலே, லயத்திலிருந்து கொழுந்து மலைக்குப் போவதற்குப் பாதையே இல்லை, ‘குறுக்கு’ உண்டு. தேயிலைச் செடிகளுக்கிடையே நேர் மேலாகச் செல்லும் ஒற்றையடி. மழையிற் படிகள் கரைந்து நீரோடையாகும். மாட்டுக்கு வளைவு கொடுத்தவர்கள் மனிதருக்குக் குறுக்கைக் கொடுத்தார்கள். இதை நாம் நூலகத்திலிருந்து அறியவில்லை. சைக்கிளை விட்டிறங்கித் தள்ளிக்கொண்டு போகையில் அறிந்தோம்.

முதல் நாள் அவ்வாறு தள்ளிக்கொண்டு போகையில், மத்தியான நிறுவைக்குக் கொழுந்துடன் இறங்கி வந்த பெண்கள் சிலர் நின்று பார்த்தனர். அவர்களுள் மூத்தவர் கேட்டார்: “சேரு, சைக்கிளு ஒங்கள ஏத்துதா, நீங்க சைக்கிள ஏத்துறீங்களா?” கூடவந்தவர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம், மூச்சு வாங்கியதாற் சிரிப்பு அரைகுறையாகவே வந்தது. அவரது முதுகிலிருந்த பாரம் எம் சைக்கிளின் எடைக்குக் குறையாது. அதைச் சுமந்துகொண்டு அவர் காலையிலிருந்து எத்தனை முறை ஏறி இறங்கியிருப்பார் என்று கணித நண்பர் எண்ணத் தொடங்கினார், பின்னர் நிறுத்திக்கொண்டார்.

நாம் அங்கே போனதற்குக் காரணம் இருந்தது. 2022இன் நடுப்பகுதியில் ஆகக்குறைந்த பஸ் கட்டணமே 40 ரூபாவாயிற்று. பஸ்களும் குறைந்தன. பாடசாலைகள் திறக்கப்பட்ட நாட்களிலும் எமது உயர்தர வகுப்பில் நான்கு இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. நால்வரும் அம்மேற்கணக்கின் பிள்ளைகள், மூவர் பெண்கள். நாட்கூலி ஆயிரம் ரூபாவென 2021இல் வர்த்தமானியில் வெளிவந்தபோது அதை எதிர்த்துக் கம்பனிகள் நீதிமன்றம் போயிருந்தன; அந்த ஆயிரமும் முழுப்பேர் விழுந்தாற்றான் கிடைக்கும், கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். அதே காலத்தில் அரிசியும் மாவும் விலையேறியதை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். பிள்ளையொன்றின் பஸ் பணமா, வீட்டின் மாவா என்று வந்தபோது மாவே வென்றது. பெற்றாரை இதிற் குறைகூறுவோர் ஒரு கிழமை அவ்வரவில் வாழ்ந்து பார்த்துவிட்டு வரலாம்.

சைக்கிள் கொடுத்தால் என்ன என்று எமக்குத் தோன்றியது. பழைய மாணவர்களிடம் இரண்டு சைக்கிள்களைப் பெற்றோம். ஒரு மாதக் கூலி முழுவதையும் கொடுத்தாலும் அத்தோட்டத்தில் எவராலும் அன்று ஒன்றை வாங்கியிருக்க முடியாது. பரீட்சித்துப் பார்ப்பதற்காக அந்நால்வருள் ஒருவனான மாணவன் இரு வாரம் ஓட்டினான். பிரதான வீதிக்கு இறங்க 25 நிமிடம். ஏற, இரண்டு மணித்தியாலம். அதிற் பெரும்பகுதி தள்ளல். முதல் வாரத்திலேயே பிறேக் கட்டைகள் தேய்ந்துபோயின. இரண்டாம் வாரத்தில் மழை. அவன் சைக்கிளைத் துடைத்துக் கொண்டுவந்து எம்முன் நிறுத்திவிட்டுச் சொன்னான்: “சேர், இது கீழ போகத்தான் லாயக்கு. மேல வரணும்னா இதயும் நாங்கதான் சொமக்கணும்.” ‘இதயும்’ என்று அவன் சொன்ன சொல்லை வடமராட்சி நண்பர் பல நாட்கள் சொல்லிக்கொண்டிருந்தார். அவரது ஊரில் ஒரு தலைமுறையையே படிப்பித்த வாகனம், இங்கே இன்னொரு சுமையாகி நின்றது. குடாநாடு தட்டையானது என்ற பூகோள உண்மைக்கும் அங்கே கல்வி பரவியதற்கும் இடையே எவ்வளவு தொடர்பு இருந்திருக்கும் என்று அவர் யோசிக்கத் தொடங்கினார். தமது ஊர் மக்களின் அறிவுக்கூர்மையைப்பற்றிப் பெருமையோடு பேசும் யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் இக்கேள்வியை விரும்பமாட்டார்கள். கேட்கத்தான் வேண்டும்.

பிள்ளைகள் இறங்க முடியாவிட்டால் ஆசிரியர் ஏறலாம். சனிக்கிழமைகளில் நாம் ஏறத் தொடங்கினோம். காலை ஐந்தரைக்குக் கம்பளையிலிருந்து புறப்பட்டால், பிரதான வீதியில் மாடுகளுக்கு நன்றி சொல்லிக்கொண்டு ஏறி, தோட்டப் பாதையில் தள்ளிக்கொண்டு போய், எட்டரைக்கு மேற்கணக்கை அடையலாம். மாரியம்மன் கோயில் மண்டபத்தில் வகுப்பு. முதல் நாள் நால்வர். மூன்றாம் வாரம் இருபதுக்கு மேல். சாதாரணதர வகுப்புப் பிள்ளைகளும் வந்தார்கள். படிப்பை விட்டுவிட்டுக் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகக் காத்திருந்த இளைஞர் இருவரும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். கணித நண்பருக்குத் தமிழில் ‘பின்னம்’ என்ற சொல் வராது. மாணவர்கள் திருத்திக் கொடுத்தார்கள். வகுப்பு முடிந்ததும் சாயத் தண்ணீரும் ரொட்டியும் யாராவது ஒருவர் வீட்டிலிருந்து வரும். வேண்டாமென்று மறுப்பதற்கு எமக்கு மனம் வரவில்லை. மறுத்திருந்தால் அவர்கள் மனம் நொந்திருப்பர்.

எரிபொருள் திரும்பி வந்தது. மோட்டார் சைக்கிள்கள் விறாந்தையிலிருந்து வெளியே வந்தன. அவ்வேறு பாதையில் மோட்டார் சைக்கிளிற் போவது எளிது என்பதை மறுக்கமாட்டோம். மழைக்காலத்தில் அவ்வாறே போனோம். ஆயினும் சைக்கிளை விடவில்லை. மோட்டார் சைக்கிளிற் போகும் வாத்தியாருக்கு வழி விடுவார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் வாத்தியாரோடு பேசிக்கொண்டு வருவார்கள். எந்த லயத்தின் கூரை ஒழுகுகின்றது, எந்தப் பிள்ளை நாளைக்குக் கொழும்புக்குப் போகப்போகின்றது என்பவையெல்லாம் அவ்வேற்றத்திலேயே எமக்குத் தெரியவந்தன.

நான்காவது வழியை நாம் ஒருமுறைதான் முழுவதும் போனோம். பேராதனையிற் பல்கலைக்கழகத்தை ஊடறுத்துப் போவது கலஹா வீதி. 1952இற் பல்கலைக்கழகம் அங்கே குடிபுகுந்த காலந்தொட்டு எத்தனையோ தமிழ் மாணவர்கள் அவ்வீதியின் மரநிழலில் நடந்திருக்கிறார்கள். கைலாசபதியும் சிவத்தம்பியும் அவ்வாறு நடந்தவர்களே. அவ்வளவு தூரம் நடந்தவர்களுள் அந்த வீதி அதற்கப்பால் எங்கே போகின்றது என்று பார்த்தவர் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி. அது கலஹாவுக்கும் தெல்தோட்டைக்கும் போகின்றது. அதற்கப்பால், ஜேம்ஸ் ரெயிலர் 1867இல் 19 ஏக்கரிற் தேயிலை நட்ட லூல்கந்துரைத் தோட்டத்துக்கும் வழி உண்டு. ரெயிலர் உட்கார்ந்து மலையைப் பார்த்த கல்லிருக்கையைக்கூட உல்லாசப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். உட்கார்ந்து பார்த்தோம், காட்சி நன்றாகவே இருக்கின்றது. அவ்விருக்கையிலிருந்து வெகுதொலைவிலன்று ஹேவாஹெட்டப் பகுதியின் முல்லோயாத் தோட்டம். 1940 ஜனவரியிற் கூலியுயர்வு கேட்டு அங்கே வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிசார் சுட்டதிற் கோவிந்தன் என்ற தொழிலாளி மாண்டார். மலையகத் தொழிலாளர் இயக்கம் தன் முதல் தியாகியாக அவரை எண்ணுகின்றது. அவர் பெயர் எழுதிய பலகையொன்றும் நாம் போன வீதியோரத்தில் எம் கண்ணிற் படவில்லை. ரெயிலருக்குத் திசைகாட்டிகள் பல இருந்தன.

மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை முன்னிட்டு, 2023 ஜூலை இறுதியிற் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணம் நடந்தது. முன்னோர் நடந்து வந்த வழியே அது. அது மாத்தளையை அடைந்த ஆகஸ்ட் 12ஆந் திகதி, மேற்கணக்கிலிருந்து வந்த மாணவர் சிலரோடு நாமும் அங்கே நின்றோம். பிள்ளைகள் பஸ்ஸில், நாம் மூவரும் சைக்கிளில். காலில் கொப்புளங்களோடு வந்த ஒரு முதிய பெண்ணைப் பார்த்து எமது மாணவி கேட்டாள், மன்னாரிலிருந்து இதுவரை ஏற்றம் இருந்ததா என்று. இல்லை, இனித்தான் ஏற்றம் என்று அவர் பதில் சொன்னார், வழியைத்தான் சொன்னார்.

2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளியின் மழை கொட்டியது. மகாவலி கம்பளை நகரத்தினுட் புகுந்தது. மலைநாட்டிற் சரிவுகள் வீடுகளையும் வீதிகளையும் புகையிரதப் பாதைகளையும் வாரிக்கொண்டு போயின. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். எம் பாடசாலையின் கீழ்மாடி சேற்றால் நிறைந்தது. சிங்களவர், முஸ்லிம், தமிழர் என்ற வேறுபாடின்றி ஊரார் சேற்றை வாரினார்கள். அதைப்பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. எழுதப்படாத ஒன்றை மட்டும் சொல்வோம். வீதிகளைத் திறந்த ஒழுங்கு வீதிகளைப் போட்ட ஒழுங்கே. முதலிற் பிரதான வீதியின் மண் அகற்றப்பட்டது. அடுத்துத் தொழிற்சாலைக்குப் போகும் லொறிப் பாதை. மேற்கணக்குப் பாதையில் மூன்றாம் வளைவிலிருந்து ஐந்தாம் வளைவுவரை பெயர்ந்து கீழே கிடந்தது. அது எவருடைய பொறுப்பென்று ஒரு காரியாலயம் இன்னொரு காரியாலயத்தைக் காட்டியது. கம்பனியின் பாதை என்றார்கள். பிரதேச சபையின் பாதை என்றார்கள். லயத்து ஆண்களும் பெண்களும் மண்வெட்டியோடு இறங்கிச் சரிவின்மேல் ஓரடி அகலத்தில் ஒரு தடம் வெட்டினார்கள். அதுவும் ஒரு குறுக்கு.

முதலில் விட்டுப்போன நால்வருள் ஒருத்தி, உயர்தரப் பரீட்சையிற் சித்தியடைந்து, இன்று அம்மேற்கணக்கின் முன்பள்ளியிற் கற்பிக்கிறாள். சரிவு நடந்த மறு கிழமை அவளிடமிருந்து செய்தி வந்தது: மண்டபத்துக்கு ஒன்றும் நேரவில்லை, சனிக்கிழமை வகுப்பு நடக்கும், சாதாரணதரப் பிள்ளைகளுக்குக் கணிதத்தில் திரிகோணகணிதம் மிச்சம். கணித நண்பர் பயிற்சித்தாள்களைப் பொலித்தீனிற் சுற்றிக் கரியரிற் கட்டிக்கொண்டு வந்தார். மூன்றாம் வளைவுவரை சைக்கிளைத் தள்ளினோம். அங்கிருந்து அந்த ஓரடித் தடத்திற் சைக்கிள் உருளாது. தோளில் தூக்குவதா, மரத்தில் கட்டிவிட்டுப் போவதா என்று நாம் யோசித்துக்கொண்டு நிற்கையில், மேலேயிருந்து மூன்று மாணவர்கள் இறங்கி வந்தார்கள். முதலில் பயிற்சித்தாள்களை அவிழ்த்து எடுத்துக்கொண்டார்கள். பின்னர் சைக்கிள்களைப் பார்த்து, “இத இங்கயே விட்டுடுங்க சேர், யாரும் தொடமாட்டாங்க” என்றார்கள். வடமராட்சி நண்பர் பூட்டைப் பையிற் போட்டுக்கொண்டு நடந்தார்.